ஆறு மணி ஆச்சா, ஆகலையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிச்சயதார்த்தம். நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்; முடிந்த கையோடு தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா கையைத் திருப்பிப் பார்த்து, "ஆறு ஒண்ணு ஆச்சு, எடுங்க தட்டை" என்கிறார். பெண்ணின் தாய்மாமன் தன் கையைத் திருப்பி, "இருங்க சம்பந்தி, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்கிறார். ரெண்டு கையிலும் ஸ்மார்ட்வாட்ச். "நம்மளது ப்ளூடூத்து, தப்பே காட்டாது" என்று ரெண்டு பேரும் சொல்ல, கூடத்தில் இருந்த அத்தனை போனும் வெளியே வந்துவிட்டது.

(பஞ்சாங்கக் கணக்கில் ஞாயிறு ராகு காலம் முடிவது அஸ்தமனத்தில். ஆனி மாசம் சென்னையில் சூரியன் இறங்க ஆறரை தாண்டிவிடும். இது தெரிந்த ஒரே ஆள் ஐயர். அவர் வாயைத் திறக்கவில்லை.)

வாட்ச் நாலு நிமிஷம் தானாக முந்தியிருக்குமா? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். உள்ளே இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். சாதாரணமாக அதன் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு. அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடி சொச்சம். நாலு நிமிஷம் விலக வேண்டுமென்றால் நாலரை மாசத்துக்கு மேல் போனைப் பார்க்காமலே கிடந்திருக்க வேண்டும். தினம் ராத்திரி ஸ்டெப் கணக்கை ஆப்பில் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா படுக்கப்போகிறார். ஆக, வாட்ச் மேல் குற்றமில்லை. போனில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே ஒப்பிக்கிற கிளி அது.

போனைத் திறந்தால் 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' அணைந்து கிடக்கிறது. விசாரித்தால் பேரன். மிட்டாய் உடைக்கிற விளையாட்டில் உயிர் தீர்ந்துபோனால் மறுபடி வர அரை மணி காக்க வேண்டுமாம். மணியை முன்னே தள்ளினால் உடனே வந்துவிடுமாம். ஆடி முடித்தபிறகு, பொறுப்பாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருப்பி வைத்திருக்கிறான். அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரமோ, ஆபீசுக்கு லேட்டாகக் கூடாதென்று பாட்டி நாலு நிமிஷம் கூட்டி வைத்தது.

ஆகவே மணி தப்பாகத் தெரிந்தால் முதலில் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், டேட் அண்ட் டைம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், டேட் அண்ட் டைம். மணி, டைம் சோன் ரெண்டுமே தானியங்கியில் இருக்க வேண்டும். அப்புறம் வாட்சின் ஆப்பைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்து ஒருமுறை சிங்க் ஆகவிடுங்கள். பெரும்பாலான கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

போன் சரி, வாட்ச் மட்டும் தப்பு என்றால், அதற்கு ஒரு வழக்கமான உரையாடல் உண்டு.

"கனெக்ட் ஆகலை மாமா."

"கால் வருது, பாட்டு கேக்குது, கனெக்ட் ஆகலைங்கிறியே!"

ரெண்டு பேர் சொல்வதும் உண்மை. பேசுகிற வசதியுள்ள பல வாட்சுகளில் இணைப்பு ரெண்டு: காலுக்கும் பாட்டுக்கும் ஒன்று, ஆப்புக்கு ஒன்று. மணி வருவது ஆப் வழியாக. போனின் ப்ளூடூத் பட்டியலில் மட்டும் ஜோடி சேர்த்தால் பாட்டு பாடும், மணி மாறாது. ஆப்பைத் திறந்து உள்ளேயிருந்தே வாட்சைச் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் 'நியர்பை டிவைசஸ்' அனுமதியையும் கொடுங்கள். ஆப்பின் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். இல்லையென்றால் சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்கவைத்துவிடும். ரீசன்ட் ஆப்ஸை நிமிஷத்துக்கொரு தரம் துடைத்துத் தள்ளும் சுத்தக்காரர்களுக்கும் இதே கதிதான்.

அரை மணி துல்லியமாக முன்பின் காட்டினால் அது வேறு வியாதி. நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். அரை மணியைக் கண்டுகொள்ளாமல் எழுதப்பட்ட மலிவு மென்பொருளில் அது உதிர்ந்துபோகும். ஃபர்ம்வேர் (வாட்சுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை. சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து எழுந்த வாட்ச் சிலசமயம் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டும். பயப்படாதீர்கள், பல கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யம் அதுதான், நம் கணக்கில் பிரம்ம முகூர்த்தத்தில் விழுகிறது. ஆப்போடு சேர்ந்ததும் இந்த நூற்றாண்டுக்கு வந்துவிடும்.

ஓட்டக்காரர்களின் ஜிபிஎஸ் வாட்சில் 18 நொடி முந்தல் தெரிந்தால், ஜிபிஎஸ் நேரம் உலக நேரத்தைவிட அவ்வளவு முன்னால் ஓடுவதுதான் காரணம். திருத்தத் தகவல் செயற்கைக்கோளிலிருந்து முழுதாக வந்துசேரப் பன்னிரண்டரை நிமிஷம் பிடிக்கும். மொட்டைமாடியில் வானம் தெரிய கால் மணி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை. போன் மணியோடு சிங்க் செய்துவிட்டு, போனில் ப்ளூடூத்தை அணைத்து, வாட்சை 24 மணி நேரம் வீட்டுக்குள் தனியே விடுங்கள். மறுநாள் நிமிஷம் மாறும் நொடியை ரெண்டிலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கூட்டர் டிக்கியிலோ கார் டாஷ்போர்டிலோ வைத்துவிட்டுச் சோதிக்காதீர்கள்: அந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும், சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 45 டிகிரியில் நாள் முழுக்கக் கிடந்தால் ஒரு நொடிக்கு மேல் பின்தங்கிவிடும். ரெண்டு நொடி வித்தியாசம் என்றால் வாட்ச் ஆரோக்கியமாக இருக்கிறது. பத்து நொடிக்கு மேல் போனால் ஒருதரம் ஃபேக்டரி ரீசெட் செய்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் அதே கதை என்றால் வாரண்டி பில்லைத் தேட ஆரம்பிக்கலாம்.