செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில இருந்து களனி வரைக்கும்

கொழும்பு தமிழ் ஆக்களுக்கு செவ்வாய்க்கிழமை எண்டா கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் தான், அதுல சைவமா வேதமா (கிறிஸ்தவமா) எண்டு ஒருத்தரும் பார்க்கிறேல்ல. எங்கட சின்னம்மா நெத்தி நிறைய திருநீறோட போய் மெழுகுதிரி கொளுத்துவா, பக்கத்துல சிங்கள அம்மா ஒராள் மாலை வைச்சுக்கொண்டு நிப்பா, அங்கால முஸ்லிம் பொம்பிளை ஒராள் கைக்குழந்தையோட நிப்பா. ஒரு இடம் எப்பிடி புனிதமாகுது எண்ட கேள்வி எனக்கு கனகாலமா மண்டைக்குள்ள கிடந்தது, சரி ஒரே நாள்ல நாலு இடம் போய்ப் பார்ப்பம் எண்டு சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன்.

கொச்சிக்கடையில சொல்லுற கதை இது தான். ஒல்லாந்தர் காலத்தில கத்தோலிக்கத்துக்கு தடை, குருமார் ஒளிச்சு தான் திரியோணும். அப்ப அந்தோனியோ எண்ட ஒரு சாமியார் வியாபாரி வேசம் போட்டு இந்தக் கரையில இருந்திருக்கிறார். கடல் கரையை அரிச்சுக்கொண்டு வர மீன்பிடிக்காரர் அவரிட்ட போய் அழ, அவர் மணல்ல சிலுவையை ஊண்டி செபிச்சார், கடல் பின்வாங்கிட்டுது, அந்த இடத்தில தான் கோயில். ஆனா கத்தோலிக்கர்ட முறையில புனிதம் எண்டுறது இந்தக் கதையோட நிக்கிறேல்ல, திருப்பண்டமும், அதாவது புனிதர்ட உடம்பில மிஞ்சின துண்டு மாதிரி ஒண்டும், வேணும். புனித அந்தோனியார் 1231ல பதுவாவில இறந்தவர், பிறகு உடம்பைத் தோண்டி எடுக்கேக்க நாக்கு மட்டும் அழியாம இருந்தது எண்டு சொல்லுவினம், அந்த நாக்கில ஒரு சின்னத் துண்டு இங்கயும் கிடக்கு. சனம் கண்ணாடியைத் தொட்டு கண்ணில ஒத்திக்கொண்டு போகுது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு இங்க குண்டு வெடிச்சது உங்களுக்குத் தெரியும். கடற்படை ஆக்கள் திருத்தி, அந்த வருசமே ஜூன் 12ல, திருவிழாவுக்கு முதல் நாள், திரும்பத் திறந்தாங்க. இப்ப உள்ள போறதெண்டா பையைத் திறந்து காட்டோணும். ஒருத்தரும் முகத்தைச் சுளிக்கேல்ல, சின்னம்மா தானாவே பையை நீட்டினா.

அங்கயிருந்து கிட்டத்தில தான் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டினதை அவர்ட மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1900களின் தொடக்கத்தில முழுக்க முழுக்க கருங்கல்லால திருப்பிக் கட்டினவர். வெளியில துறைமுகத்து லொறிச் சத்தம் காது கிழியும், உள்ள காலை வைச்சா கல்லு குளிர் தான் முதல்ல தெரியும். எனக்கு கொழும்பில ஆகப் பிடிச்ச கோயில் இது. இங்க புனிதம் வந்த விதம் வேற, திருப்பண்டம் ஒண்டும் இல்ல, எலும்பு கிலும்பு எண்டா எங்கட ஆக்களுக்கு அது துடக்கு (தீட்டு), கோயிலுக்குள்ள நினைச்சும் பார்க்கேலாது. மந்திரத்தால கும்பத்தில சக்தியை இறக்கி, கும்பாபிசேகம் செய்து, அதை மூர்த்தியில சேர்க்கிறது. அந்தச் சக்தி குறையும் எண்டு தான் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்கா திருப்பிச் செய்யிறது.

மத்தியானம் ஓட்டோ பிடிச்சு தெவட்டகஹ பள்ளிக்குப் போனம், லிப்டன் சந்தியில, கண் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. அங்க அடங்கியிருக்கிறது செய்கு உஸ்மான் வலியுல்லாஹ் எண்ட முஸ்லிம் இறைநேசர். எண்ணெய் விக்கிற ஏழைச் சிங்கள மனுசி ஒராள் தடுக்கி விழுந்து பானை உடைஞ்சு எண்ணெய் எல்லாம் மண்ணில போக, நிண்டு அழுதாவாம். அழாத எண்டு ஒரு குரல் கேட்டுதாம், வேற பானை கொண்டு வரச் சொல்லி, குரல் குடுத்த பெரியவர் காலால நிலத்தில உதைக்க எண்ணெய் ஊறி வந்ததாம். அந்த மனுசி சொல்லித்தான் இந்த இடம் வெளியில தெரிய வந்தது எண்டு சொல்லுறாங்க. அதாவது ஒரு முஸ்லிம் சியாரத்துக்கு (இறைநேசர்ட கபுறு, அடக்கமான இடம்) முதல் சாட்சி ஒரு சிங்கள மனுசி! ஆனா சியாரத்துக்குப் போறதை எல்லா முஸ்லிம்களும் ஏத்துக்கொள்ளுறேல்ல, பயணம் கட்டிப் போறதெண்டா மக்கா, மதீனா, அல்-அக்ஸா மூண்டு பள்ளிக்கும் தான் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்.

பின்னேரம் களனி விகாரை. புத்தர் ஞானம் அடைஞ்சு எட்டாவது வருசத்தில நாக அரசன் மணியக்கிக்கன் கூப்பிட்டு வந்தவர் எண்டு மகாவம்சம் சொல்லுது, அவர் இருந்து போதிச்ச ஆசனத்துக்கு மேல தான் தாதுகோபம் எண்ட தூபி கட்டியிருக்கு எண்டு நம்புறாங்க. பௌத்தத்தில புத்தர்ட உடல் தாது (எலும்பு, பல்லு மாதிரி மிச்சம்), அவர் பாவிச்ச பொருள், அவரை நினைக்கச் செய்த உருவம் எண்டு வணங்கிறதை மூண்டாப் பிரிச்சு வைச்சிருக்கினம், நல்ல கணக்கு. அதே வளவுக்குள்ள விபீஷணனுக்கும் தேவாலயம் இருக்கு, சின்னம்மா நேர அங்க தான் போனா, "ராமருக்கு நல்லது செய்தவர் பிள்ளை" எண்டு.

எல்லாம் ஒண்டு தான் எண்டு மேடையில சொல்லுறது லேசு, எனக்கு அது சரியாப் படேல்ல. ஒராளுக்கு நாக்கு, ஒராளுக்கு மந்திரம், ஒராளுக்கு கபுறு, ஒராளுக்கு ஆசனம், காரணம் ஒண்டோட ஒண்டு பொருந்தாது, ஒருத்தர் புனிதம் எண்டுறது மற்றவருக்கு துடக்கு. பொருந்துறது கும்பிட வாற ஆக்கள்ட பக்கம் தான். கரை அரிபட்ட மீன்பிடிக்காரர், எண்ணெய் கொட்டுப்பட்ட மனுசி, இண்டைக்கு விசாவுக்கும் பிள்ளைக்கும் நேர்த்தி வைக்கிற நாங்க, எல்லாரும் ஏலாத கட்டத்தில வந்தவங்க. கேட்டது கிடைச்சுது எண்டு ஒராள் சொன்னா காணும், அடுத்த கிழமை பத்துப் பேர் வருவினம், அவங்க என்ன சமயம் எண்டு வாசல்ல ஆர் கேட்கிறது.

திரும்பி வரேக்க பஸ்ஸில சிவனொளிபாதமலைக் கதை வந்துது. 2243 மீற்றர் உச்சியில ஒரே ஒரு பாதம், பௌத்தருக்கு புத்தர்ட, எங்களுக்கு சிவன்ட, முஸ்லிம்களுக்கு ஆதம் நபிட, கிறிஸ்தவர் சிலர் தோமையார்ட எண்டுவினம். "அப்ப ஆரிட கால் சின்னம்மா?" எண்டு கேட்டன். "மேல ஏறினவைக்கு தங்கட கால் நோகிறது தான் தெரியும், நீ டிசம்பர் போயாவுக்கு (பௌர்ணமிக்கு) பிறகு சீசன் தொடங்க டிக்கெட்டைப் போடு" எண்டா. முழங்கால் வேற ஏலாது அவவுக்கு. ஹட்டன் வரைக்கும் ரயில், அங்கயிருந்து நல்லதண்ணிக்கு பஸ், மிச்சத்தை அங்க போய்ப் பார்ப்பம் எண்டுறா.