பழைய பேனல் மேல் புதுப் பேனல்: விண்வெளி நிலைய நாட்குறிப்பு

பிப்ரவரி 28, 2021

நிலையத்தின் இடது கோடியில் பி6 என்ற சட்டகப் பகுதி. அங்குள்ள 2பி சோலார் பேனல் 15 ஆண்டுக்கென்று செய்தது. 2000 டிசம்பரிலிருந்து உழைக்கிறது. அதைக் கழற்றப்போவதில்லை. அதன் அடியில் தாங்கி பொருத்தி, புதுப் பேனலை அதற்கு முன்னால் விரிப்பதுதான் திட்டம். விண்வெளி வீரர்கள் கேட் ரூபின்ஸும் விக்டர் குளோவரும் இன்று வெளியே போய்த் தாங்கி மாட்டினார்கள். ஒரு போல்ட் முழுசாக இறங்கவில்லை. பவர் டிரில்லை எதிர்ப்பக்கம் சுழற்றி அதை வெளியே எடுத்து, திரும்ப வைத்து, கடைசியில் ராட்செட் ஸ்பேனரால் கையாலேயே இறுக்கினார் ரூபின்ஸ்.

மார்ச் 5

ரூபின்ஸ், சோய்ச்சி நோகுச்சி. மிச்சத் தாங்கி வேலை முடிந்தது.

ஜூன் 16

ரோபோ கையின் நுனியில் தாமா பெஸ்கே, கையில் 340 கிலோ சுருள், அதாவது சுருட்டிய புதுப் பேனல். விண்வெளியில் எடையை உணர முடியாது, ஆனால் நிறை அப்படியே இருக்கிறது. வேகமாக நகர்த்திவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு. அதனால் எல்லாமே நிதானமாகத்தான்.

நடுவே, உடன் வந்த ஷேன் கிம்பரோவின் உடையில் நெஞ்சுத் திரை தகவல் காட்டவில்லை. காற்றடைப்பு அறைக்குத் திரும்பி அதை மறுதொடக்கம் செய்துவிட்டு வந்தார். பிறகு, மடித்திருந்த பேனல் விரியாமல் எங்கோ இடித்தது. வெளியே வந்து 7 மணி நேரம் 15 நிமிடம் ஆகிவிட்டது. மடிந்த நிலையிலேயே பத்திரமாகப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். சரியான முடிவு, களைத்த கையோடு நெம்பினால் சேதம்தான்.

ஜூன் 20

இன்று விரிந்தது. கேபிள் இணைப்புக்கு நிழல் வரும்வரை காத்திருந்தது முக்கியம். வெயில் பட்டால் பழைய பேனல் மின்சாரம் தரும், அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. சுமார் 160 வோல்ட் ஓடும்போது இணைப்பானைப் பிரித்தால் தீப்பொறி பறக்கும். நிலையம் பூமியின் நிழலில் இருப்பது ஒரு சுற்றுக்கு அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதல். காற்றூதிய விறைத்த கையுறையோடு அதற்குள் மாட்டி முடிக்கவேண்டும்.

பிடித்திருந்த போல்ட்டுகளை விடுவித்ததும் பேனல் தானாகவே உருண்டு விரிந்தது, சுமார் பத்து நிமிடத்தில். மோட்டார் இல்லை. சுருட்டி வைத்த கார்பன் இழைக் கம்பங்கள் நிமிரத் துடிக்கும் விசையே போதும். மோட்டார் இல்லாததால் அது பழுதாகும் கவலையும் இல்லை, எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான்.

ஜூன் 25

பி6-இன் இன்னொரு பழைய பேனலான 4பி-யின் முன்னாலும் புதுப் பேனல் விரிந்தது, இது இரண்டாவது. வேலைக்கு 6 மணி நேரம் 45 நிமிடம். புதியவை ஒவ்வொன்றும் 20 கிலோவாட்டுக்கு மேல் தரும். நிழல் விழாத பகுதியில் பழையதும் தன் பங்குக்குத் தரும். இன்னும் நான்கு வரவேண்டும்.