வாரம் 20 பவுண்டு

கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு எதுக்கு இவ்வளவு பணம்னு யாராவது கேட்டா எனக்குக் கோபம்தான் வருது.

1961 வரைக்கும் இங்கிலாந்துல சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. சீசன்ல வாரம் 20 பவுண்டு, கோடையில 17. மைதானம் நிரம்பி வழிஞ்சாலும் கிளப் அதுக்கு மேல தரக்கூடாது! ஜிம்மி ஹில் தலைமையில ஆட்டக்காரர்கள் சங்கம் வேலைநிறுத்தத்துக்கே தயாரானதும்தான் ஜனவரியில வரம்பை எடுத்தாங்க. அதே வருஷம் ஃபுல்ஹாம் கிளப் ஆட்டக்காரர் ஜானி ஹெயின்ஸுக்கு வாரம் 100 பவுண்டு. கொடுக்கப் பணம் இருந்திருக்கு, கொடுக்கத்தான் மனசில்ல.

எனக்கு அதைவிடப் பெரிய அநியாயமாப் படறது இன்னொண்ணு. அப்போ ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் கிளப் விட்டாத்தான் ஆள் வேற அணிக்குப் போக முடிஞ்சது. நியூகாசில் கிளப் விடலைன்னதும் அதோட ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்டம் ஆடறதையே நிறுத்திட்டு, கார்க் தக்கை விக்கிற வேலைக்குப் போனார். கடைசியில ஆர்சனலுக்கு விட்டாங்க. ஆனாலும் அவர் நியூகாசில் மேல போட்ட வழக்கைக் கைவிடலை. சங்கமும் பின்னால நின்னது. 1963ல நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்த விதி ஒருத்தரோட தொழிலுக்கே நியாயமில்லாத தடைன்னு தீர்ப்பு சொன்னார்.

இன்னிக்குக் கோடியில வாங்கற ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஈஸ்டம் பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.