ஆடம்ஸ் குடும்பம்: அப்பா போட்ட சட்டமும் மகன் பிடித்த பிடிவாதமும்

அமெரிக்காவின் முதல் 12 ஜனாதிபதிகளில் ஒருவரைக்கூட அடிமையாக வைத்துக்கொள்ளாதவர்கள் இரண்டே பேர்தான்: ஜான் ஆடம்ஸ், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ். வாஷிங்டனையும் ஜெஃபர்சனையும் பற்றி நிறைய பேசிவிட்டோம், இந்த மாசசூசெட்ஸ் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அரசியல் குடும்பத்தில் பிறந்ததால் வரும் அனுகூலம் மகனுக்கு முழுசாகவே கிடைத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 10 வயதில் அப்பாவோடு கப்பலேறி பிரான்ஸ் போனார், 14 வயதில் ரஷ்யாவுக்குப் போன தூதருக்குச் செயலாளராகவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் போனார். இங்கே ஊரில் நிலபுலன்களைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டது அம்மா அபிகெய்ல். புதுச் சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று 1776இல் கணவருக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான், கணவரோ அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார்.

அப்பா ஆடம்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1770இல் பாஸ்டனில் மக்களைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, ஊரே கொதித்துக் கிடந்த நேரத்தில், கோர்ட்டில் வாதாடிய மனிதர். அதே மனிதர் ஜனாதிபதியானதும், அரசை அவதூறாக எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம் என்ற 1798ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அபிகெய்லும் அதை ஆதரித்தார். வெர்மான்ட் எம்.பி. மேத்யூ லயன் இந்தச் சட்டத்தில் 4 மாதம் உள்ளே இருந்தார், உள்ளே இருந்தபடியே தேர்தலிலும் ஜெயித்தார். 1800இல் ஆடம்ஸ் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகனும் 4 ஆண்டு ஜனாதிபதியாக இருந்து 1828இல் தோற்றார். ஆனால் அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை, 1831இல் பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்தார், சாகும்வரை அங்கேதான் இருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காலம் இதுதான்.

அடிமை முறைக்கு எதிரான மனுக்களைச் சபையில் எடுத்துப் பேசவே கூடாது என்று 1836இல் ஒரு விதி போட்டார்கள். பெரியவர் விடவில்லை. 1837 பிப்ரவரியில் எழுந்து, அடிமைகளே எழுதியதாகச் சொல்லும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, இதுவும் உங்கள் விதிக்குள் வருமா என்று சபாநாயகரைக் கேட்டார், அவ்வளவுதான், கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்று தென் மாநிலக்காரர்கள் குதித்தார்கள், நன்றாகக் குதிக்க விட்டு அப்புறம் சொன்னார், அந்த மனுவில் கேட்டிருப்பதே அடிமை முறையை ஒழிக்கக் கூடாது என்றுதான். கண்டனத் தீர்மானம் படுத்துவிட்டது. மனுவில் என்ன இருக்கிறது என்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை, அடிமையாக இருந்தாலும் கோரிக்கை வைக்கும் உரிமை அவனுக்கும் உண்டு என்பதே அவர் வாதம். அரசைக் குறை சொன்னவர்களைச் சிறையில் தள்ளிய சட்டத்தில் கையெழுத்திட்டவரின் மகன் இவர்!

1844 டிசம்பர் 3 அன்று, அவரே கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், 108க்கு 80 என்ற வாக்குகளில் அந்த விதி ரத்தானது. அப்போது அவருக்கு வயது 77.