பூச்சியைக் கொல்லும் நூற்புழு: டெல்டாவில் எந்த மண்ணில் பலிக்கும்?

நூற்புழு என்றதும் வாழை வேரைக் கெடுக்கும் புழுதான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு இனம், பயிரைத் தொடாது. பூச்சிப் புழுவின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே போய், தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை விட்டுவிடும். இரண்டு நாளில் பூச்சிப் புழு செத்துப்போகும்.

நம் சூட்டுக்கு ஏற்றது ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா. கோயம்புத்தூரில் கரும்பு நுனிக்குருத்துப் புழுவிலிருந்து பிரித்தெடுத்து 1992-ல் பெயர் வைத்த இனம். குளிர் தேசத்து இனங்கள் 30 டிகிரிக்கு மேல் சோர்ந்துவிடும். அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். இண்டிகாவுக்கு ஒரு வினோதம் உண்டு: ஃபிரிட்ஜ் குளிர் ஆகாது. வாங்கிய நூற்புழுப் பாக்கெட்டை வீட்டுக்குள் குளிர்ந்த நிழலில் வைத்து, சீக்கிரம் பயன்படுத்திவிட வேண்டும்.

போட்டும் கேட்கவில்லை என்றால் பாக்கெட்டைத் திட்டுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். இந்தப் புழு அரை மில்லிமீட்டர் நீளம்தான். மண் துகள்மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தில்தான் நகரும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்து மணற்பாங்கான செம்மண்ணிலும் காவிரிப் படுகை வண்டலிலும் தாராளமாகப் போகும். திருவாரூர்க் களியில் மண்ணின் இடுக்குகளே குறுகல், இருந்த இடத்திலேயே கிடக்கும். காய்ந்த மண்ணில் முடங்கிவிடும். தண்ணீர் நின்றால் மூச்சு முட்டும். அதனால் நெல் வயலை மறந்துவிடலாம். ஐப்பசி அடைமழையில் கொல்லையில் ஊற்றுவதும் வீண். கைப்பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

ஏக்கருக்கு 100 கோடி நூற்புழு. ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, சுமார் 33 கோடி. சதுர சென்டிமீட்டருக்கு 25 என்ற கணக்கு. கலக்குவதற்கு முன் ஒரு சொட்டைக் கருப்புத் தட்டில் விட்டு லென்ஸில் பாருங்கள். அறைச் சூட்டில் சிறிது நேரம் விட்டும், தொட்டும் பெரும்பாலானவை நெளியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் பாசனம். வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு, உடனே மறுபடி இலேசாகத் தண்ணீர். புற ஊதாக் கதிர் பட்டால் நிமிடக் கணக்கில் சாகும். நாசிலில் உள்ள நுண் சல்லடையைக் கழற்றிவிட வேண்டும். டேங்கில் புழு அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் முதல் வரிசைக்கு எல்லாம், கடைசி வரிசைக்குப் பச்சைத் தண்ணீர். கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணை போட்ட நிலத்தில் உடனே விடாதீர்கள், இரண்டு வாரமாவது போகட்டும்.

இரையும் சும்மா இருப்பதில்லை. கரும்பு, நிலக்கடலை வேர்ப்புழுவின் மூச்சுத்துளையில் சல்லடை போன்ற மூடி உண்டு. அடிக்கடி கழிந்து, குடலுக்குள் வந்ததையும் வெளியே தள்ளிவிடும். முதிர்ந்த புழு இன்னும் கெட்டி. மழைக்குப் பிறகு அதன் தாய் வண்டு முட்டையிட்டுப் புழு சிறிதாக இருக்கும்போதே விட்டால் பலன் கூடும்.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் வளரும். அதற்காக எருக்குழியில் ஊற்றுகிறவர்கள் குழிக்குள் கையை விட்டுப் பார்க்கட்டும். மக்கும் எரு கொதிக்கும், அந்தச் சூட்டில் நூற்புழு வெந்துபோகும். ஆறிய பழைய எருவுக்கு மட்டும் விடலாம். அங்கேகூடப் பூச்சியைத் தாக்கிக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம்தான் என் முதல் தேர்வு.

வாழைத் தண்டு கூன்வண்டுக்கு மட்டையின்மேல் அடிப்பதில் பயனில்லை. வண்டின் புழு தண்டுக்குள் சுரங்கத்தில் இருக்கிறது. தார் வெட்டிய தண்டை ஓரடி நீளத்துக்குப் பிளந்து, வெட்டுமுகத்தில் நூற்புழுவைத் தடவி, அந்த முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைப்பார்கள். வண்டு தானே தேடி வரும், ஈரமும் நிழலும் அங்கேயே கிடைக்கும். ஆனால் வளர்ந்த வண்டின் ஓடு கெட்டி. பொறியைப் பிரித்து வண்டுகளைப் பொறுக்கிக் கொல்லும் வேலை இருக்கத்தான் செய்யும்.

ஐந்தாம் நாள் நாலைந்து இடத்தில் தோண்டிப் பாருங்கள். செத்த புழு செங்கல் நிறத்தில், நாற்றமில்லாமல் தளர்ந்து கிடந்தால் நூற்புழு வேலை செய்திருக்கிறது. அதை அப்படியே மண்ணில் மூடிவிடுங்கள். இரண்டு வாரம் வாக்கில் உள்ளிருந்து ஆயிரக்கணக்கில் புதிய நூற்புழு வெளியே வரும். கருத்து அழுகி நாறினால் அது வேறு சாவு, கணக்கில் சேர்க்காதீர்கள்.