பப்புவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போன கத

எங்க பப்பு பொமரேனியன் நாய், ஏழு வயசு, எடை வெறும் நாலரை கிலோ. ஆனா கிளினிக் இருக்கிற தெரு முனைக்கு ஆட்டோ திரும்பினாலே நடுக்கம் ஆரம்பிச்சிடும், உள்ள போனா நேரா என் மடியிலயே ஒன்னுக்கு. சின்னதுல ஒரு எடத்துல ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சு ஊசி போட்டாங்க, அதுக்கப்புறம் தான் இப்படி. அப்ப நானும் பக்கத்துல நின்னு சிரிச்சிட்டு தான் இருந்தேன், அத நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

போன வருஷம் வாயில நாத்தம் தாங்கல, சாப்பாட்ட ஒரு பக்கமா மெல்ல ஆரம்பிச்சான், சரி இனி தள்ளிப்போட முடியாதுன்னு வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க முதல் நாள் பப்புவ தொடவே இல்ல, தரையில உக்காந்து என்கிட்ட பேசிட்டே இருந்தாங்க. பயந்தா வாத்து கத்துற மாதிரி இருமுவான்னு சொன்னேன், உடனே கழுத்துப்பட்டைய கழட்ட சொல்லிட்டாங்க. இந்த மாதிரி குட்டி ஜாதிக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து போறது சகஜமாம், பட்டைய புடிச்சு இழுத்தா இன்னும் மோசமாகும், மார்போட சேத்து மாட்டுற ஹார்னஸ் வாங்குங்கன்னாங்க. இத்தன வருஷமா அத செல்லக் கனைப்புன்னு நினைச்சிட்டு இருந்தேங்க!

பல்லுக்கு மயக்க மருந்து குடுத்து தான் க்ளீன் பண்ணணுமாம், முழிச்சிருக்கும்போது சுரண்டினா வெளிய தெரியுறது மட்டும் தான் போகும், ஈறுக்குள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். சின்ன வாயில பல்லெல்லாம் நெருக்கமா இருக்கிறதால கறை சீக்கிரம் சேருது. அதுக்கு முன்னாடி கிட்னி, லிவர் பாக்க ரத்தம் எடுக்கணும். ரத்தம் எடுக்க யாரு விடுவா?

அதனால ஒரு மாசம் சும்மாவே போனோம், வாரம் ரெண்டு தடவ, எடை மெஷின் மேல ஏத்தி உப்பு போடாத வேகவெச்ச சிக்கன் குடுத்து திரும்பி வந்துடுவோம், ஊசி கிடையாது ஒன்னும் கிடையாது. வீட்ல கடிக்காம இருக்க வாயில மாட்டுற மூடிய பழக்கினேன், அதுக்குள்ள சிக்கன வெச்சா அவனே மூக்க விடுவான். டெஸ்ட் அன்னிக்கு கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி டாக்டரம்மா குடுத்த காபாபென்டின்ங்கிற பயம் குறைக்கிற மாத்திரை, அதையும் முதல்ல லீவு நாள்ல வீட்லயே குடுத்து பாத்துட்டு தான். பக்கத்து வீட்டு மாமி அவங்க தூக்க மாத்திரைல கால் துண்டு குடுன்னாங்க, டாக்டரம்மாகிட்ட சொன்னா நல்லா திட்டு விழுந்துச்சு. எடைக்கு தகுந்த அளவு இல்லன்னா இவ்ளோ சின்ன உடம்பு தாங்காது, நம்ம குடிக்கிற சிரப்புல சைலிடால்ங்கிற இனிப்பு இருந்தா அது நாய்க்கு விஷமே.

கடைசில ரெண்டு பல்லு புடுங்கினாங்க, சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டான், அன்னிக்கு ராத்திரி மட்டும் தள்ளாடி தள்ளாடி நடந்தான், நாங்க யாரும் தூங்கல.

தீபாவளிக்கும் அதே மாத்திரை, டாக்டர கேட்டுட்டு தான். காலையில 6-7, ராத்திரி 7-8 தான் வெடிக்கணும்னு தமிழ்நாடு அரசு சொல்லுது, எங்க தெருவுல யாரு கேக்குறா. ஜன்னல் இல்லாத ரூம், ஃபேன் ஃபுல் ஸ்பீடு, நான் பக்கத்துல. தடவிக் குடுத்தா பயம் கூடும்னு ஊர்ல சொல்வாங்க, அது அப்படி இல்லையாம், தாராளமா மடியில வெச்சுக்கோங்கன்னாங்க.

இப்ப கிளினிக் போனா எடை மெஷின்ல அவனே ஏறி சிக்கனுக்கு நிக்கிறான். ஆனா வாசல்ல ஒன்னுக்கு மட்டும் இன்னும் நிக்கல, பையில ஒரு பழைய துண்டு எப்பவும் இருக்கு.