தலைக்கு மேலே வியாழன்: சுங்கை சிப்புட் வாசலில் இருந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் 4.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கோள் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இந்த ஊர் தரும் சீதனம் அது. வியாழன் தெற்கே எவ்வளவு தாழ்ந்தாலும், வடக்கே எவ்வளவு ஏறினாலும், உச்சிக்கு வரும் நேரத்தில் நமக்கு 60 பாகைக்கு மேல்தான் நிற்கும். 2019, 2020 ஆண்டுகளில் அது தெற்கே ஒதுங்கியிருந்தபோது லண்டனில் ஏறத்தாழ 16 பாகை உயரத்தோடு நின்றுவிட்டது. அவ்வளவு தாழ்வில் நிற்கும் கோளின் ஒளி, தலைக்கு மேல் நிற்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றைத் துளைத்து வரவேண்டும். வட்டின் விளிம்பில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசியும், கோளின் மேகப் பட்டைகள் கரைந்துவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் உண்டு. வளிமண்டலத்தின் உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டங்கள் 30 பாகையிலும் அதற்கு அப்பாலும்தான் வலுவாக இருக்கும். நம் தலைக்கு மேல் அவை அரிது. அதனால் மேல்காற்று பல இரவுகளில் அமைதியாகவே இருக்கிறது. பிலிப்பீன்ஸின் செபுவில் இருந்து கிறிஸ்தபர் கோ என்பவர் 2006 பிப்ரவரியில், வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறியிருப்பதை 11 அங்குலத் தொலைநோக்கியால் முதலில் கண்டு சொன்னார். செபுவும் நம்மைப்போல் வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர்தான். காற்றின் அசைவை 1 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோலைத் தந்த வில்லியம் பிக்கரிங்கும் ஜமேக்காவின் மாண்டவில்லில் இருந்து வானம் பார்த்தவர்.

ஆகவே நம் ஊரில் படம் கெடுவது பெரும்பாலும் தரையிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள்தான். வெயிலில் காய்ந்த சிமெண்டு, ஈரம், சரியாக நிற்காத கண்ணாடி. மூன்றும் நம் கைக்குள் இருப்பவை. பெரிய தொலைநோக்கிக்குக் காசு சேர்ப்பதற்கு முன் இவற்றைச் சரிசெய்வதே நல்லது.

இடத்திலிருந்து தொடங்குவோம். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளின் முன்வாசல் பெரும்பாலும் சிமெண்டு அல்லது ஓடு பதித்தது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவு பதினொரு மணி வரைக்கும் விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூடு மேலே எழும்போது வியாழன், ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் காசைப்போல் நெளியும். நான்கடி சதுரம் புல் இருந்தாலும் தொலைநோக்கியை அங்கே வையுங்கள். பார்க்கும் திசையில் அடுத்த வீட்டுக் கூரை இருந்தால் அது எந்தக் கூரை என்று கவனியுங்கள். தகரம் சீக்கிரம் ஆறிவிடும். காங்கிரீட்டும் ஓடும் ஆறாது. ஏர்கோண்டின் வெளிப்பெட்டி வெந்நீராவிபோல் ஊதும் பக்கம் வேண்டவே வேண்டாம். தோட்டத்துப் பக்கம் குடியிருப்பவர்கள் செம்பனை ஆலைப் புகைபோக்கிக்கு நேர்மேலே கோள் நிற்கும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். செம்பனை மரங்கள் அடிவானத்தை மறைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 30 பாகைக்குக் கீழே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கருவி: 150 மி.மீ. கண்ணாடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட டாப்சோனியன், அதாவது மரப்பெட்டிமேல் சுழலும் எளிய குழாய், இந்த வேலைக்குப் போதும். நீளமான குவியத் தூரம் என்பதால் சாதாரண ஐபீஸிலும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழல்) கூர்மை கிடைக்கும். கண்ணாடிகளின் அச்சு சற்றே விலகினாலும் பொறுத்துக்கொள்ளும். வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் துருவ அச்சுத் தாங்கி வாங்க நினைப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அதன் அச்சை நம் அட்சரேகைக்கு, அதாவது 5 பாகைக்கும் குறைவாகச் சாய்க்க வேண்டும். சிறிய தாங்கிகள் பலவற்றில் அந்த அளவு இறங்காது. இறங்கினாலும் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். துருவ விண்மீனோ செம்பனைக்குப் பின்னால் 5 பாகை உயரத்தில் மங்கிக் கிடக்கும். அதை வைத்துச் சீர்செய்யவும் முடியாது. பேரங்காடியில் பெட்டிமேல் 600 மடங்கு என்று அச்சிட்டு விற்கும் 60 மி.மீ. குழாயைத் தொடவேண்டாம். கண்ணாடியின் விட்டம் எத்தனை மி.மீ.யோ அதன் இரு மடங்குதான் எந்தத் தொலைநோக்கிக்கும் உருப்படியான உச்ச உருப்பெருக்கம். 60 மி.மீ.க்கு 120, அவ்வளவே.

இனி ஈரம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் ஊரில் தொலைநோக்கிகள் கெடுவதும் கைவிடப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

தொலைநோக்கியை ஏர்கோண்ட் அறையில் வைக்காதீர்கள். 22 டிகிரியில் இருந்த கண்ணாடியை 25 டிகிரி ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் ஒரே நிமிடத்தில் முழுதும் வேர்த்துவிடும். இரவில் நம் காற்று ஈரத்தால் ஏறக்குறைய நிறைந்தே இருக்கிறது. ஒரு பொருள் காற்றைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே பனி படியும். வானத்தைப் பார்த்து நிற்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் காற்றைவிடக் குளிரும். டாப்சோனியனில் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியைக் குழாய் காப்பாற்றும். முதலில் மங்குவது குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி, அடுத்தது ஐபீஸ், பிறகு குழாய் வாயருகே சாய்ந்திருக்கும் சிறு கண்ணாடி. வியாழனைச் சுற்றிப் பால்போல் ஒளிவட்டம் தெரிந்து பட்டைகள் வெளிறினால் வானத்தில் மேகம் தேடாதீர்கள். ஐபீஸைக் கழற்றி விளக்கில் பாருங்கள்.

யோகா விரிப்பு போன்ற கறுப்பு நுரைப் பாயில் 60 செ.மீ. அகலம், 27 செ.மீ. உயரத் துண்டு வெட்டிக் குழாயின் வாயில் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டுங்கள். குழாயின் வெளிவிட்டம் 18 செ.மீ. என்றால் இந்த அளவு. உயரம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு. சிறு கண்ணாடி மங்குவதை இது பெருமளவு தள்ளிப்போடும். தெருவிளக்கின் பக்கவெளிச்சமும் நிற்கும். முன்பாரம் கூடிக் குழாய் தலைசாய்ந்தால், இரும்புக் குழாயின் அடிப்பகுதியில் கனமான காந்தம் ஒன்றிரண்டை ஒட்டினால் சமநிலை திரும்பிவிடும். பயன்படுத்தாத ஐபீஸைச் சட்டைப் பையில் வையுங்கள். உடம்புச் சூடே போதும். ஆனாலும் மங்கினால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பத்து விநாடி காட்டுங்கள். அதன்பின் படம் சில நிமிடம் நெளியும், பொறுங்கள். மின்கம்பியின் இணைப்பை ஈரப்புல்லில் போடக்கூடாது. நாற்காலிமேல் தூக்கி வையுங்கள். பனியைத் துணியால் துடைப்பது பெரிய தவறு. தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் நிரந்தரம்.

கொசுவுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. கொசுவத்தியைக் காற்று போகும் பக்கம், குழாய்க்குத் தள்ளி வையுங்கள். புகை கண்ணாடியில் படியும். உடம்பில் பூசும் கொசு மருந்துகளில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள் பிளாஸ்டிக்கை இளக்கும். பூசினால் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே ஐபீஸைத் தொடுங்கள்.

கண்ணாடி ஆறும் நேரம் வேறு. வீட்டுக்குள் 30 டிகிரியில் இருந்த கண்ணாடி வெளிக்காற்றோடு ஒத்துப்போக முக்கால் மணி நேரமாவது வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வெளியே வைத்துவிட்டால் சாப்பிட்டு எழும்போது தயாராக இருக்கும். மழை தூறுமா என்று மட்டும் ஓர் ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கண்ணாடிகளை நேர்செய்வதைப் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். பத்து நிமிட வேலை அது. ஐபீஸ் குழாய்க்குப் பொருந்தும் மூடி ஒன்றின் சரியான நடுவில் 2 மி.மீ. துளை போடுங்கள். தொலைநோக்கியைத் தரைக்கு இணையாகப் படுக்கவையுங்கள்; நிமிர்ந்திருக்கும்போது ஆலன் சாவி கைநழுவினால் நேரே பெரிய கண்ணாடிமேல் விழும். துளை வழியே பார்த்தால் சிறு கண்ணாடிக்குள் பெரிய கண்ணாடி முழுதும், அதைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சிறு கண்ணாடியின் மூன்று திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, கால் திருப்புக்கு மேல் போகாமல் சரிசெய்யுங்கள். அடுத்து பெரிய கண்ணாடியின் பின்னாலுள்ள மூன்று திருகுகள். கண்ணாடியின் நடுவில் ஒட்டியுள்ள வளையத்துக்குள் மூடித் துளையின் பிம்பம் வந்து உட்கார்ந்தால் முடிந்தது. உறுதிசெய்ய, கோள் நிற்கும் உயரத்திலேயே இருக்கும் சுமாரான ஒளியுள்ள விண்மீனை 150 மடங்குக்கு மேல் வைத்துக் குவியத்திலிருந்து துளி விலக்குங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். அவை ஒருபக்கம் ஒதுங்கினால் பின் திருகை இன்னும் கொஞ்சம் தொட வேண்டும். படுத்திருந்தபோது சரியாக இருந்தது குழாய் நிமிர்ந்ததும் அசையக்கூடும். அதனால்தான் அதே உயரத்து விண்மீன்.

உருப்பெருக்கத்தில் பேராசை வேண்டாம். 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும். கோளைப் பிடிக்கவும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை ஒருசேரப் பார்க்கவும் அது. 10 மி.மீ. 120 மடங்கு. 7 மி.மீ. 171 மடங்கு, இதுதான் நம் ஊரின் நல்ல இரவுகளுக்கு உகந்தது என்பது என் முடிவு. 46 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) அகலமுள்ள வியாழன் அப்போது வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவைப்போல் நான்கு மடங்கு அகலமாகத் தோன்றும். அதற்குமேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. 50 பாகைப் பார்வை அகலமுள்ள ஐபீஸில் கோள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஏறக்குறைய 70 விநாடியில் நகர்ந்துவிடும். ஆகவே கோளை நகரும் திசைக்கு எதிர்விளிம்பில் நிறுத்தி, கையை எடுத்து, ஆட்டம் அடங்கியதும் பாருங்கள். கோள் எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அது மேற்கு. தலைகீழாகத் தெரியும் படத்தில் திசை பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

டாப்சோனியனுக்கு நேர் உச்சி கஷ்டமான இடம். அங்கே குழாயைச் சிறிது பக்கவாட்டில் நகர்த்த அடிப்பெட்டியை நிறையத் திருப்ப வேண்டும். உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி முதல் இரண்டரை மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. கோள் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் நாளில் உச்சிக்கு வருவது நள்ளிரவு 12க்கு அல்ல, 1 முதல் 1.30க்குள். 2027இல் அந்த நாள் பிப்ரவரியில் வருகிறது. ஏப்ரல் நடுவில் இரவு 9 மணியளவிலேயே உச்சியில் நிற்கும். ஆனால் அது மாலை இடிமழைக் காலம். நம் மேற்குக் கரைக்குப் பிப்ரவரிதான் தோதான மாதம். தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். மழை பெய்து ஓய்ந்து, இலை அசையாமல் நிற்கும் இரவை மட்டும் விடாதீர்கள். பனி கொட்டும், ஆனால் கோள் கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். லேசான புகைமூட்டமுள்ள இரவும் அப்படித்தான். விண்மீன்கள் மறையும், வியாழனுக்குப் பாதகம் அதிகமில்லை.

பார்வைக்கு வருவதைச் சொல்கிறேன். முதல் பார்வையில் மண்நிற இரண்டு பட்டைகள். பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் இருந்தால் பட்டையின் விளிம்பு நேராக இல்லை என்பது புரியும். வடபட்டையின் தென்விளிம்பிலிருந்து நீலச் சாம்பல் கொடிகள் நடுக்கோட்டை நோக்கி வளையும். தென்பட்டையில் ஒரு குழிவு, அதற்குள் வெளிர் சிவப்பாகப் பெரும் செம்புள்ளி என்னும் புயல். வாசல் விளக்கை அணைக்க வேண்டியதில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நிறம் மங்கும். கோள் பார்க்கையில் அருகே மெல்லிய வெள்ளை வெளிச்சம் இருப்பது நல்லது. நின்றுகொண்டு பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கழுத்து நோகாத ஆளுக்குத்தான் அந்த நீலக் கொடிகள் தெரியும்.

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். செம்புள்ளி வட்டின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 50 நிமிடம்தான் நன்றாகத் தெரியும். இன்று இரவு 10 மணிக்கு நடுவில் கண்டால், நாளை அதே நேரத்தில் தேடிப் பயனில்லை. ஐந்து சுற்று கழித்து, நாளை மறுநாள் இரவு 11.40க்குச் சற்று முன்பாக அது மீண்டும் நடுவில் நிற்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கருவிப்பெட்டிக்குள் வைத்தால் ஏமாற்றம் பாதி குறையும்.

நிலவுகளின் நிழல் கோளின்மேல் விழுவதையும் தவறவிடக்கூடாது. நான்கில் ஒன்றான அயோவின் நிழல் மைப்புள்ளிபோல் கறுத்து, இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேலாக வட்டைக் கடக்கும். கனிமீடின் நிழல் இன்னும் பெரியது. கோள் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் எதிர்நிலை நாளுக்கு முன்பு நிழல் முதலில் போகும், நிலவு பின்தொடரும். அந்த நாளுக்குப் பிறகு வரிசை மாறும். நேரங்களை ஸ்டெல்லேரியம் செயலியில் ஊரைச் சரியாகக் குறித்துப் பார்த்துக்கொள்ளலாம். 2026–27 பருவத்தில் நிலவுகளின் சுற்றுத்தளம் சூரியனுக்கும் நமக்கும் ஏறக்குறைய விளிம்பு நோக்கி நிற்பதால், ஒரு நிலவு இன்னொன்றை மறைப்பதையும், ஒன்றின் நிழலில் மற்றது மங்குவதையும் காணலாம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு.

பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடி போடாதீர்கள். மூடிய ஈரம்தான் பூஞ்சையாக வேர்விடும். குழாயைப் படுக்கவைத்து, வாய் திறந்தபடி விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு மூடுங்கள். ஐபீஸ்களை ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஒரு சிறு ஈரமானியையும் போடுங்கள். 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை அடுப்பறை ஓவனில் 120 டிகிரிக்கு மிகாமல் இரண்டு மணி நேரம் சுட்டு, ஆறவைத்து, திரும்பப் பெட்டிக்குள் போடுங்கள்.